கலூகா ஆசிரியரின் எடைக் கணக்கு

2023 ஜூலை 14 பிற்பகல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 புறப்பட்டபோது, ஏவுதளத்தில் நின்ற ராக்கெட்டின் எடை ஏறத்தாழ 640 டன். அதன் உச்சியில் இருந்த விண்கலம் 3.9 டன். அதிலிருந்து பிரிந்து ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய விக்ரம், தன் எரிபொருளையும் சேர்த்து 1.75 டன். விக்ரமின் சாய்பலகை வழியாக இறங்கி நிலவின் மண்ணில் ஊர்ந்த பிரக்யான் வண்டி 26 கிலோ.

640 டன் கிளம்பி, 26 கிலோ ஊர்ந்தது. மிச்சமெல்லாம் எங்கே போயிற்று? பெரும்பகுதி எரிந்து தீர்ந்துவிட்டது. அந்த 640 டன்னில் சுமார் 550 டன் உந்துபொருள்தான். எரிபொருளையும், அது எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் பொருளையும் சேர்த்து உந்துபொருள் என்கிறோம். பேருந்தும் விமானமும் ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. காற்றில்லாத இடத்துக்குப் போகிற ராக்கெட் அதையும் வீட்டிலிருந்தே சுமந்து போக வேண்டும்.

இதில் நம் பொறியாளர்களைக் குறைசொல்ல எதுவும் இல்லை. 1969-ல் மூன்று பேரை நிலவுக்கு அனுப்பிய அமெரிக்காவின் சாட்டர்ன்-5 ராக்கெட்டின் எடை 2,900 டன்னைத் தாண்டும். பயணம் முடிந்து பசிபிக் கடலில் வந்து விழுந்த கூண்டு ஏறக்குறைய 5 டன். எந்த நாடு செய்தாலும், எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதை விண்வெளிப் பயணத்துக்குப் பொருத்திப் போட்டுப் பார்த்து, 1903-ல் அச்சில் வெளியிட்டவர் ரஷ்யாவில் கலூகா என்ற சிறு நகரத்தின் பள்ளி ஆசிரியர். காது கேளாதவர். பெயர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி.

அவருடைய வாழ்க்கைக்குப் போகுமுன் கணக்கைப் பார்த்துவிடலாம். கணக்கு தெரிந்தால்தான் அவர் என்ன செய்தார் என்பது பிடிபடும்.

அசையாத ஏரி நீரில் ஒரு தோணி. அதில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். துடுப்பு இல்லை, காற்றும் இல்லை. தோணி நிறையக் கற்கள் மட்டும் இருக்கின்றன. அவர் ஒரு கல்லை எடுத்துப் பின்பக்கமாக வீசுகிறார். தோணி கொஞ்சம் முன்னால் நகர்கிறது. கல்லைத் தள்ளிய கையைக் கல்லும் தள்ளியது, அவ்வளவுதான். வீசிய கல் எதன்மீதாவது போய் மோத வேண்டும் என்ற அவசியமே இல்லை. கல் கையை விட்ட கணத்திலேயே தோணிக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவதை உந்தம் என்கிறது இயற்பியல். பின்னால் போன கல்லின் உந்தமும் முன்னால் போன தோணியின் உந்தமும் சமம். ராக்கெட் கல்லுக்குப் பதிலாகச் சூடான வாயுவை வீசுகிறது. சுற்றிலும் காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சமன்பாட்டுக்குக் கவலையில்லை.

இனி எடையைச் சேர்ப்போம். ஆளும் தோணியும் சேர்ந்து 100 கிலோ. கற்களைச் சிறிது சிறிதாக, ஒவ்வொன்றையும் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வீச முடியும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் உராய்வை மறந்துவிடுவோம். 100 கிலோ கற்களை ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் வீசி முடித்தால், தோணிக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு சுமார் 7 கிலோமீட்டர். சரி, 14 கிலோமீட்டர் வேண்டும் என்றால்? 200 கிலோ கற்கள் போதும் என்று மனம் சொல்கிறது. போதாது. 300 கிலோ வேண்டும். 21 கிலோமீட்டர் வேண்டும் என்றால் 700 கிலோ.

காரணம் எளிது. முதலில் வீசும் கற்கள் தோணியை மட்டும் தள்ளுவதில்லை. இன்னும் வீசப்படாமல் தோணியில் குவிந்திருக்கும் மற்றக் கற்களையும் சேர்த்தே தள்ள வேண்டியிருக்கிறது. கடைசி 100 கிலோ கற்கள் தோணிக்கு 7 கிலோமீட்டர் வேகம் தரும். ஆனால் அந்த 100 கிலோவையும் தோணியையும் சேர்த்து முதலில் 7 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 200 கிலோ செலவாகிவிடுகிறது. அதற்கு முந்தைய படிக்கு 400. வேகம் ஒவ்வொரு படியாகக் கூடக் கூட, கிளம்பும்போதுள்ள மொத்த எடை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிறது. வேகம் கூட்டலில் ஏறுகிறது, எடை பெருக்கலில் ஏறுகிறது. பள்ளியில் மடக்கை அட்டவணை பார்த்தவர்களுக்கு இந்த உறவு பழக்கமானதுதான்.

ஆக, ராக்கெட் எட்டக்கூடிய வேகத்தை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, வாயு என்ன வேகத்தில் வெளியே பாய்கிறது என்பது. இதை வெளியேற்று வேகம் எனலாம். மற்றொன்று, கிளம்பும்போதிருந்த எடைக்கும் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் எடைக்கும் உள்ள விகிதம். இது நிறை விகிதம். எரிபொருள் எவ்வளவு நேரத்தில் எரிகிறது, இயந்திரம் எவ்வளவு பெரியது என்பவை இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இன்று உலகமெங்கும் இதைச் சியோல்கோவ்ஸ்கி சமன்பாடு என்று சொல்கிறார்கள். அவர் கையால் இதை எழுதிய தாளில் 1897 மே 10 என்று தேதி இருக்கிறது.

அப்போது அவருக்கு வயது 39. பிறந்தது 1857-ல், ரியாசான் மாகாணத்து இஷெவ்ஸ்கோயே கிராமத்தில். தந்தை வனத்துறை ஊழியர். பத்து வயதுவாக்கில் வந்த செங்காய்ச்சல் காதுகளைப் பறித்துக்கொண்டது. வகுப்பில் ஆசிரியர் சொல்வது கேட்காததால் பள்ளிப்படிப்பு அரைகுறையாக நின்றது. பதின்மூன்று வயதில் தாயும் போய்விட்டார். பதினாறு வயதில் தந்தை அவரை மாஸ்கோவுக்கு அனுப்பினார். மூன்று ஆண்டுகள் அங்கே நூலகத்தில் உட்கார்ந்து கணிதமும் இயற்பியலும் வேதியியலும் தானே படித்தார். வீட்டிலிருந்து வரும் சொற்பப் பணம் புத்தகத்துக்கும் சோதனைப் பொருட்களுக்கும் போய்விடும். மூன்று நாளுக்கு ஒருமுறை ரொட்டிக்கடைக்குப் போய் 9 கோபெக்குக்குக் கறுப்பு ரொட்டி வாங்குவேன், மாதம் 90 கோபெக்கில் பிழைத்தேன் என்ற பொருளில் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1879-ல் ஆசிரியர் தேர்வில் தேறி, போரவ்ஸ்க் என்ற ஊரில் கணக்கு வாத்தியார் ஆனார். 1892-ல் கலூகாவுக்கு மாற்றல். பிறகு சாகும்வரை அந்த ஊர்தான். ஓக்கா ஆற்றங்கரைப் பக்கம், மேடு இறங்கும் தெருவில் ஒரு மரவீடு. மேல்மாடி அறையை ஒட்டிய வராந்தாவில் கடைசல் இயந்திரமும் தச்சு மேசையும் இருந்தன. தகரத்தை வெட்டிச் சுருட்டி நீண்ட கூம்புகள் செய்வார். பேச வந்தவர் அகலமான வாயில் பேச, இவர் குறுகிய முனையைக் காதில் வைத்துக்கொள்வார். வராந்தாவிலிருந்து கீழ்க் கூரைக்குப் போக ஒரு சிறு கதவு உண்டு. இரவில் அதைத் திறந்து கூரையில் நின்று வானத்தைப் பார்ப்பார். திறந்த விண்வெளிக்குப் போகும் கதவு என்று அதற்குச் செல்லப் பெயர் வைத்திருந்தார். 1936 முதல் அந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

இவரை ஒரு தீர்க்கதரிசியாகத் துதிக்கிறவர்கள் உண்டு. விண்வெளி வீடுகள், காற்றில்லா இடத்துக்கு வெளியேறும் அறைகள், வானில் பயிர் வளர்க்கும் கூடங்கள் என்று அவர் கற்பனை செய்தவை ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் நிலவுக்குப் போவதை அவருக்கு முன்பே ஜூல் வெர்ன் எழுதிவிட்டார். கற்பனை செய்தவர்கள் பலர். உட்கார்ந்து எண் போட்டுப் பார்த்தவர் இவர். இவருடைய பெருமை இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

1903-ல் பீட்டர்ஸ்பர்கிலிருந்து வந்த ‘அறிவியல் நோக்கு’ என்ற மாத இதழின் ஐந்தாம் எண்ணில் அவருடைய கட்டுரை வெளியானது. எதிர்வினைக் கருவிகளால் விண்வெளியை ஆராய்வது பற்றிய கட்டுரை அது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் அவர் மூத்த மகன் இக்னாத்தி மாஸ்கோவில் இறந்திருந்தான். கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. ராக்கெட்டின் வெற்று எடையைப்போல் உந்துபொருள் இத்தனை மடங்கு இருந்தால் இத்தனை வேகம் என்று வரிசையாகக் கணக்கிட்டுத் தந்திருக்கிறார். நம் தோணியில் 100, 300, 700 கிலோ கற்கள் ஏற்றினோமே, அதே விகிதங்கள் அந்த அட்டவணையிலும் வருகின்றன. பூமியைச் சுற்றிவரத் தேவையான வேகம் நொடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர். பூமியின் பிடியிலிருந்து முழுவதும் விடுபட 11 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவர் கணக்குப்படி உந்துபொருள் மூன்று மடங்கு இருந்தால் முதல் வேகம் ஏறத்தாழக் கிடைக்கும், ஏழு மடங்கு இருந்தால் இரண்டாவதும் கிடைத்துவிடும்.

இதற்கு அவர் எடுத்துக்கொண்ட உந்துபொருள் எது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. அன்று உலகத்துக்குத் தெரிந்த ராக்கெட்டுகளெல்லாம் வெடிமருந்து வாணங்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு, திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்க வேண்டும் என்றார். ஹைட்ரஜனை முதன்முதலில் திரவமாக்கியதே 1898-ல்தான். எடைக்கு எடை பார்த்தால் மிக அதிக வெப்பம் தரும் சேர்க்கை இது, எரிந்து வரும் நீராவியும் இலேசானது, ஆகவே மிக வேகமாகப் பாயும் என்பது அவர் வாதம். வெளியேற்று வேகத்தை நொடிக்கு 5,700 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டார். அது கொஞ்சம் தாராளமான எண். சந்திரயான்-3-ஐத் தூக்கிச் சென்ற நம் எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் உச்சிக் கட்டத்தில், இதே ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் கிரையோஜெனிக் இயந்திரத்தில், வெளியேற்று வேகம் 4,300 மீட்டருக்குச் சற்று மேல். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதித்துத் தேற்றிய இயந்திரம் அது.

வேகத்தில் இந்தக் குறைவு சாதாரணமாகத் தோன்றலாம். பெருக்கல் கணக்கில் அது பூதாகரமாகிவிடும். ஈர்ப்பையும் காற்றின் தடையையும் சமாளித்துச் சுற்றுப்பாதையை எட்ட, உண்மையில் நொடிக்கு 9.4 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் தரும் திறன் வேண்டும். ஹைட்ரஜன் என்றால் கிளம்பும் எடை, மிஞ்சும் எடையைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. வெளியேற்று வேகம் 3,000 மீட்டர் தரும் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள் என்றால் இருபத்து மூன்று மடங்கு. 100 டன்னில் 4 டன்னைச் சற்றே தாண்டித்தான் மேலே போய்ச் சேரும். அந்த நாலு டன்னிலும் தொட்டியும் இயந்திரமும் குழாயும் போக மீதிதான் சரக்கு.

கட்டுரையின் முதல் பகுதி வந்த அடுத்த மாதமே, 1903 ஜூனில், இதழாசிரியர் மிகைல் ஃபிலிப்போவ் தன் வீட்டு ஆய்வறையில் இறந்துகிடந்தார். பத்திரிகை நின்றுபோயிற்று. இரண்டாம் பகுதி வேறொரு இதழில் வெளிவர 1911 ஆகிவிட்டது. இடையே 1908-ல் ஓக்கா ஆறு பெருக்கெடுத்து வீட்டுக்குள் புகுந்து அவருடைய தாள்கள் பலவற்றை நனைத்துவிட்டுப் போனது.

இந்தக் கணக்கை உலகத்தில் முதலில் போட்டவர் இவர்தானா என்று கேட்டால், இல்லை. இங்கிலாந்தின் ஊல்விச் ராணுவக் கழகத்தில் வில்லியம் மூர் என்ற கணித ஆசிரியர் 1810-களிலேயே ராக்கெட்டின் இயக்கத்துக்கான கணக்கைச் செய்து நூலாக்கியிருக்கிறார். அங்கே ராக்கெட்டில் அத்தனை அக்கறை பிறந்ததற்கு நம் பக்கத்துக் காரணம் ஒன்று உண்டு. 1780-ல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரிலும், பின்னர் திப்பு சுல்தான் காலத்துப் போர்களிலும் மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகளைப் பிரிட்டிஷார் நேரில் அனுபவித்திருந்தார்கள். கைப்பற்றியவற்றை ஆராய்ந்து வில்லியம் காங்கிரீவ் புதிய ராக்கெட்டுகள் செய்தார், மூர் அவற்றுக்குக் கணக்குப் போட்டார். ஆனால் மூர் பார்த்தது போர்க்களத்தை. அமெரிக்காவின் ராபர்ட் காடர்டும் ஜெர்மன் மொழியில் எழுதிய ஹெர்மன் ஓபெர்த்தும் பிறகு தாமாகவே இதே சமன்பாட்டுக்கு வந்தார்கள். தனித்தனியாகக் கிளம்பியவர்கள் ஒரே விடையில் வந்து நிற்பது அந்த விடைக்கு ஒரு சான்றுதான்.

ஆனாலும் தாளில் போட்ட கணக்கு மெய்யா என்று எப்படித் தெரியும்? சியோல்கோவ்ஸ்கி தன் வாழ்நாளில் ஒரு ராக்கெட்டும் ஏவியதில்லை. வெற்றிடத்தில் ராக்கெட் எதைப் பிடித்துத் தள்ளும் என்ற சந்தேகம் 1920-லும் ஓயவில்லை. அந்த ஆண்டு நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே காடர்டைப் பள்ளிப்பாடம் தெரியாதவர் என்ற தோரணையில் விமர்சித்தது. காடர்ட் அதற்கு முன்பே, 1915–16 வாக்கில், காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்களுக்குள் சிறு ராக்கெட் அறைகளை வெடிக்கச் செய்து, அவை எவ்வளவு உதைக்கின்றன என்று அளந்திருந்தார். தள்ளுவிசை குறையவில்லை. சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. வெளியே காற்று இருந்தால் பாய்ந்து வரும் வாயுவை அது தடுக்கும். காற்று இல்லாத இடத்தில் அந்தத் தடையும் இல்லை. 1969 ஜூலையில், அப்போலோ-11 கிளம்பிய மறுநாள், அந்தப் பத்திரிகை தன் தவறைத் திருத்தி அச்சிட்டது.

இன்று ஒவ்வொரு ஏவலும் அந்தச் சோதனையின் மறுபதிப்பு. தொலைக்காட்சியில் ஏவலைப் பார்க்கும்போது கட்டுப்பாட்டு அறைத் திரையில் வளைந்து ஏறும் ஒரு கோடு தெரியும். அது முன்கூட்டியே கணக்கிட்டு வரைந்த பாதை. எந்த நொடியில் எவ்வளவு எடை தீர்ந்திருக்கும், அதனால் வேகம் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை இந்தச் சமன்பாட்டோடு ஈர்ப்பையும் காற்றுத்தடையையும் சேர்த்துப் போட்டது. ராடார் அளந்து அனுப்பும் உண்மையான இடத்தைக் காட்டும் புள்ளி அந்தக் கோட்டின்மேலேயே நகர்கிறது. கோட்டை விட்டு விலகினால் கோளாறை ராக்கெட்டில்தான் தேடுகிறார்கள், சமன்பாட்டில் யாரும் தேடுவதில்லை.

அட்டவணை போட்டவருக்கே அதன் கொடுமையும் தெரிந்திருந்தது. உந்துபொருளுக்குத் தொட்டி வேண்டும். உந்துபொருள் கூடினால் தொட்டியும் கனக்கும். காலியான தொட்டியைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போவது வீண். 1929-ல் வெளியிட்ட ‘விண்வெளி ராக்கெட் ரயில்கள்’ என்ற சிறுநூலில் இதற்கு வழி சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ராக்கெட்டுகள். ஒன்று எரிந்து முடிந்ததும் கழன்று விழும், மிச்சம் தொடரும். காடர்ட் 1914-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கணக்கை விரிவாகச் செய்துகாட்டியது சியோல்கோவ்ஸ்கி.

நாமே போட்டுப் பார்க்கலாம். வெளியேற்று வேகம் 3 கிலோமீட்டர், மொத்த எடை 100 டன், அதில் உந்துபொருள் 90, தொட்டியும் இயந்திரமும் 9, சரக்கு 1 டன். இது ஒரே ராக்கெட்டாக இருந்தால் எட்டும் வேகம் நொடிக்கு 6.9 கிலோமீட்டர். சுற்றுப்பாதைக்குப் போதாது, கீழே விழுந்துவிடும். அதே 100 டன்னை இரண்டாகப் பிரிப்போம். கீழ்க் கட்டத்தில் 80 டன் உந்துபொருள், 8 டன் தொட்டி. மேல் கட்டத்தில் 10 டன் உந்துபொருள், 1 டன் தொட்டி. சரக்கு அதே 1 டன். கீழ்க் கட்டம் எரிந்து முடிந்ததும் அந்த 8 டன்னைக் கழற்றிவிட்டால் கடைசியில் கிடைப்பது 10.2 கிலோமீட்டர். ஒரு கிலோ எரிபொருள்கூடக் கூடுதலாக எரிக்கவில்லை, தொட்டியின் எடையிலும் மாற்றமில்லை. வேண்டாததை உரிய நேரத்தில் விட்டதற்குக் கிடைத்த பலன் இது. பல கட்ட ராக்கெட் என்று செய்தியில் படிப்பதெல்லாம் இதுதான்.

1923-ல் ஓபெர்த்தின் புத்தகம் வந்து ஐரோப்பாவில் பேசப்பட்டபோதுதான், தங்கள் ஊரில் ஒருவர் இருபது ஆண்டுக்கு முன்பே இதை எழுதியிருக்கிறாரே என்று ரஷ்யர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1924-ல் பழைய கட்டுரை கலூகாவிலேயே மறுபடி அச்சானது. ஒடெஸாவிலிருந்து வலென்டின் குளுஷ்கோ என்ற பதினைந்து வயதுப் பையன் அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினான். இவரும் பதில் எழுதி, தன் நூல்களை அனுப்பி வைத்தார். அந்தப் பையன் வளர்ந்து சோவியத் ராக்கெட் இயந்திரங்களின் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கைத் தூக்கிய ஆர்-7 ராக்கெட்டின் இயந்திரங்கள் அவர் செய்தவை. சியோல்கோவ்ஸ்கியின் பிந்தைய எழுத்துகள் எல்லாமே ஏற்கத்தக்கவை அல்ல. குறையுள்ள உயிர்களை நீக்கி மனித இனத்தைச் செப்பனிடலாம் என்று தத்துவ நூல்களில் எழுதியவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. காது கேளாமல் வாழ்க்கை முழுவதும் போராடியவர் அப்படி எழுதியது வருத்தம் தருகிறது.

1935 செப்டம்பர் 19 அன்று வயிற்றுப் புற்றுநோயால் அவர் இறந்தார். 1957 செப்டம்பர் 17, அவருடைய நூற்றாண்டு நாளில், மாஸ்கோவில் நடந்த விழாவில் சோவியத் ராக்கெட்டுகளின் தலைமை வடிவமைப்பாளர் செர்கெய் கொரல்யோவ் உரையாற்றினார். பதினேழே நாளில், அக்டோபர் 4 அன்று, கொரல்யோவின் குழு ஸ்புட்னிக்கை ஏவியது.

சமன்பாட்டில் திருகுவதற்கு இருப்பவை இரண்டே என்று பார்த்தோம். நிறை விகிதத்தைக் கட்டங்களால் வளைத்தாயிற்று. வெளியேற்று வேகத்தை வேதி எரிபொருளால் 4.5 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோவது மிகக் கடினம். மின்சாரத்தால் துகள்களை இன்னும் பல மடங்கு வேகத்தில் வீசலாம் என்று 1911–12 கட்டுரையிலேயே அவர் குறிப்பிட்டிருந்தார். 2007-ல் கிளம்பிய நாசாவின் ‘டான்’ விண்கலம் செனான் அணுக்களை மின்னூட்டி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வீசியது. தள்ளுவிசை மிக மெல்லியது. நான்கு நாள் விடாமல் இயங்கினால்தான் மணிக்கு 90 கிலோமீட்டர் கூடும். தரையிலிருந்து கிளம்ப அதனால் முடியாது, வழக்கமான ராக்கெட்தான் அதைத் தூக்கிவிட்டது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓடி, வெஸ்டா என்ற சிறுகோளையும் செரஸ் என்ற குறுங்கோளையும் அடுத்தடுத்துச் சுற்றி வந்தது. இதற்காக அது தன் இயந்திரத்தால் மாற்றிக்கொண்ட வேகம் மொத்தம் நொடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல். ஏற்றிச் சென்ற செனான் 425 கிலோ. மண்ணெண்ணெய் ராக்கெட்டின் 3 கிலோமீட்டர் வெளியேற்று வேகத்தில் அதே கலத்துக்கு அதே வேலையைச் செய்ய, தொட்டிகளின் எடையைச் சேர்க்காமலே 30 டன்னுக்கு மேல் உந்துபொருள் வேண்டியிருந்திருக்கும்.